உயரமாய் மெலிஞ்ச பிள்ளையள்: ஆரை எக்கோவுக்கு அனுப்பிறது?

#1 கரப்பந்துக்காரன்

தெரிவுப் போட்டியள் வரப்போகுது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிக்கூடங்களில கரப்பந்துக்கு எடுபடுற பிள்ளையள் எல்லாம் உயரம், மெலிவு, நீளக் கை. மார்பன் நோய் (உடம்பை இணைச்சுத் தாங்கிற தொடுப்பிழையம் பழுதாகிற பரம்பரை நோய்) இருக்கிற பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். அமெரிக்க அணிக்கு ஆடின புளோ ஹைமன் 1986 இல ஜப்பானில ஆட்டத்துக்கு நடுவில செத்தது பெருநாடி (இதயத்தில இருந்து புறப்படுற பெரிய குழாய்) கிழிஞ்சு. அவவுக்கு மார்பன் எண்டது பிரேத பரிசோதனையிலதான் தெரிஞ்சது.

எல்லாரையும் எக்கோவுக்கு, அதுதான் இதய ஸ்கானுக்கு, அனுப்ப ஏலாது. மைதானத்தில வைச்சே ஆரை அனுப்பிறது, ஆரை விடுறது எண்டு பிரிக்க வழி இருக்கோ? தொடுப்பிழையத்தில பழுது எண்டால் இதயத்துக்கு மேல இருக்கிற குழாய் ஏன் வீங்குது எண்டதையும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

#2 எக்கோ அறை

உயரத்தை மட்டும் வைச்சு அனுப்பாதேங்கோ. அளவு நாடா ஒண்டு போதும், இப்பிடிப் பாருங்கோ.

பிள்ளையைச் சுவரோட நிப்பாட்டி இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, நடுவிரல் நுனியில இருந்து மற்ற நடுவிரல் நுனி வரைக்கும் அளக்கோணும். அதை உயரத்தால பிரிச்சால் 1.05 ஐத் தாண்டுதோ? 170 சென்ரிமீற்றர் பிள்ளைக்குக் கைவிரிப்பு 178.5 ஐத் தாண்டினால் கவனிக்கலாம். முதுகு வளைஞ்ச பிள்ளைக்கு உயரம் குறைஞ்சு காட்டும், அதால விகிதம் பொய்யா ஏறும்.

அடுத்தது கை. பெருவிரலை உள்ள மடிச்சு மற்ற விரலால பொத்தச் சொல்லுங்கோ. பெருவிரலின்ர நுனிக்கணு முழுக்கச் சின்னவிரல் பக்கத்தால வெளிய எட்டிப்பார்த்தால் பெருவிரல் அடையாளம். பிறகு ஒரு கையால மற்றக் கை மணிக்கட்டைச் சுத்திப் பிடிக்க, பெருவிரல் சின்னவிரல் நகத்தை முழுசா மூடினால் மணிக்கட்டு அடையாளம். மார்பனைக் கண்டுபிடிக்கிற, 2010 இல திருத்தின கென்ற் அளவுகோலில இரண்டும் இருந்தால் 3 புள்ளி, ஒண்டு மட்டும் எண்டால் 1. புறா நெஞ்சுக்கு 2, குழி நெஞ்சுக்கு 1. தட்டைப் பாதம் 1, குதி வெளிப்பக்கம் சரிஞ்சிருந்தால் 2. தானாக நுரையீரல் காத்து இறங்கினது 2. முதுகு வளைவு, 3 டயொப்ரருக்கு மேல கிட்டப்பார்வை, கொழுத்து மெலியாமலே தோலில வரி, இதயத்தின்ர மைற்றல் வால்வு பின்தள்ளுறது ஒவ்வொண்டும் 1. இங்க சொல்லாத சிலதும் சேர்த்து மொத்தம் 20. 7 வந்தால் பெரிய விஷயம்.

ஆனால் 7 வந்தாலும் அது நோய்நிர்ணயம் இல்லை. பெருநாடி வேர் (இதயத்தில இருந்து பெருநாடி தொடங்கிற இடம்) விரிஞ்சிருக்கோணும், அல்லது குடும்பத்தில மார்பன் இருக்கோணும். கண்வில்லையும் பரம்பரையலகும் அதோட சேர்த்துப் பார்க்கிறவை. மைதானத்தில என்ர கோடு இதுதான்: இரண்டு கை அடையாளமும் இருக்கிற பிள்ளை, நெஞ்செலும்பு மாறினதோட கண்ணாடியும் போடுற பிள்ளை, வீட்டில 50 வயசுக்குள்ள ஆரும் திடீரெண்டு செத்த பிள்ளை. இந்த மூண்டு வகையும் எக்கோவுக்குப் போகோணும். வெறும் உயரம் எண்டால் விடலாம்.

#3 நடுப்படை

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

பெருநாடிச் சுவரில் மூன்று படைகள். சங்கதி நடுப்படையில். அங்கே இலாஸ்ரின் என்ற இழுபடும் புரதத்தின் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், இடையிடையே மழமழப்பான தசைக்கலங்களும் கொலாஜன் என்ற உறுதியான புரத நாரும். இதயம் சுருங்கும்போது குழாய் விரிந்து, தளரும்போது திரும்பிச் சுருங்குவது இந்தத் தகடுகளால். நாடி 70 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 100,800 தடவை.

தகடுகள் ஒழுங்காக அமைய பிப்ரிலின்-1 என்ற புரதத்தாலான நுண்ணிழைகள் வேண்டும். தசைக்கலத்தைத் தகட்டோடு இணைப்பதும் அவைதான். அந்தப் புரதத்துக்கான பரம்பரையலகு எஃப்.பி.என்.1, 15ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மார்பனுக்கும் அதற்குமான தொடர்பு 1991 இல் வெளியானது. இலாஸ்ரினைப் பெரும்பாலும் கருவிலும் சிறுவயதிலும்தான் உடல் கட்டுகிறது. வளர்ந்தபின் உடைந்த தகட்டுக்குப் பதில் தகடு வராது. ஆகவே பிறக்கும்போதே குறைவான சரக்கோடு கட்டிய சுவர், ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறிகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. ரி.ஜி.எஃப். பீற்றா என்ற வளர்ச்சிச் சமிக்ஞை, உறங்குநிலையில் அந்த நுண்ணிழைகளில் கட்டுண்டு கிடக்கும். இழை குறைந்தால் அது அவிழ்கிறது. தசைக்கலங்கள் தம் வேலையை விட்டு எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 போன்ற நொதியங்களைச் சுரக்கின்றன. அவை மிச்சத் தகடுகளையும் தின்னும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தகடு துண்டுதுண்டாக, இடைவெளியில் சளிபோன்ற பொருள் தேங்கி நிற்கும்.

#4 கரப்பந்துக்காரன்

அப்ப தேய்ஞ்ச ரயருக்குள்ளால சைக்கிள் ரியூப் புடைக்கிற மாதிரி?

#5 நடுப்படை

வெளித்தோற்றத்துக்கு அப்படித்தான். ரயர் தன்னைத்தானே தின்னாது என்பதுதான் வித்தியாசம். பிறஷரைக் குறைத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள்.

புடைத்தபின் பௌதிகம் பொறுப்பெடுக்கிறது. சுவரின் இழுவை, அழுத்தத்தையும் ஆரையையும் பெருக்கிச் சுவரின் தடிப்பால் பிரித்தது. 3 சென்ரிமீற்றர் குழாய் 4.5 ஆனால் ஆரை ஒன்றரை மடங்கு. சுவரும் மெலிந்திருக்கும், எனவே இழுவை அதைவிடக் கூடும். வீக்கம் வீக்கத்தைத் தூண்டுகிறது.

ஏன் வேரில்? இதயத்தை விட்டு வெளியேறும் குருதியின் முதல் அடி அங்கே. இலாஸ்ரினை அதிகம் நம்பியிருக்கும் இடமும் அதுதான். புகைக்கும் வயோதிபருக்கு வயிற்றுப் பெருநாடியில் வரும் வீக்கம் வேறு கதை, கொழுப்புப் படிவும் அழற்சியும் சார்ந்தது. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கிழிவது எப்படியென்றால், உட்படையில் ஒரு வெடிப்பு. அதனூடாகக் குருதி நடுப்படைக்குள் புகுந்து பொய்க் குழாய் ஒன்றைப் பிளந்துகொண்டு ஓடும். பின்னோக்கி வந்தால் இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுருநாடியை அடைக்கும், வால்வை ஒழுகவைக்கும், இதய உறைக்குள் கசிந்து இதயத்தை நெரிக்கும். முன்னோக்கிப் போனால் மூளை, கை, சிறுநீரகம், கால்.

#6 பாலைமரம்

மார்பன் மட்டும் இல்லை. வாயைத் திறந்து உள்நாக்கைப் பாருங்கோ, காசு செலவில்லை. உள்நாக்கு இரண்டாப் பிளந்திருக்கு அல்லது நடுவில கோடு விழுந்து அகலமா இருக்கு, கண் இரண்டுக்கும் இடைவெளி கூட எண்டால் லோயிஸ்-டீட்ஸ் நினைக்கோணும். 2005 இல விபரிச்ச நோய், ரி.ஜி.எஃப். பீற்றாச் சமிக்ஞையைப் பிடிக்கிற வாங்கியள் ரி.ஜி.எஃப்.பி.ஆர்.1, ரி.ஜி.எஃப்.பி.ஆர்.2 இல விகாரம், அதாவது பரம்பரையலகில மாற்றம். பிறகு எஸ்மாட்3 போல வேற அலகுகளும் சேர்ந்தது. அந்தப் பிள்ளைக்குக் குழாயள் பாம்பு மாதிரி நெளிஞ்சிருக்கும், சின்ன அளவிலயே கிழியும். இதயத்துக்கு மட்டும் எக்கோ எடுத்துப்போட்டு விட ஏலாது. தலையில இருந்து இடுப்பு மட்டும் சி.ரி. அல்லது எம்.ஆர். எடுக்கோணும்.

குருதிக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லோஸ் எண்ட தொடுப்பிழைய நோய் இன்னும் மோசம். பழுது சி.ஓ.எல்.3.ஏ.1 அலகில, அது கட்டுறது மூண்டாம் வகைக் கொலாஜன். தோல் மெல்லிசு, நெஞ்சில நாளம் ஊதாவாத் தெரியும், சும்மா இடிபட்டாலும் கண்டிப்போகும். இவையளுக்கு வீங்காமலே நாடி வெடிக்கும். பெருங்குடல், கர்ப்பப்பையும் வெடிக்கலாம். ஊசி குத்திக் குழாய் விடுற அஞ்சியோகிராம், கொலனோஸ்கோப்பி எல்லாம் கட்டாயம் எண்டால் மட்டும்.

வெளியில ஒரு அடையாளமும் இல்லாமல் குடும்பத்தில பெருநாடி மட்டும் கிழியிற வகையும் இருக்கு, ஏ.சி.ரி.ஏ.2 அலகின்ர பழுது அதில ஒண்டு. அதனாலதான் #2 இல சொன்ன மூண்டாவது வகையை நான் முதலாவதா வைப்பன்.

#7 முறிகண்டிச் சந்தி

மச்சான் மச்சாள் கலியாணத்தாலதான் இது வருது எண்டு ஊரில கதை. உண்மையோ?

#8 பாலைமரம்

மார்பன், லோயிஸ்-டீட்ஸ், குருதிக்குழாய் ஏலர்ஸ்-டான்லோஸ் மூண்டும் ஆட்சியான வகை. தாய் தகப்பனில ஒருத்தருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீதம். மார்பனில ஏறக்குறைய நாலில ஒண்டு புது விகாரம், பெற்றோருக்கு ஒண்டும் இராது. சொந்தத்துக்குள்ள முடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

சொந்தம் சம்பந்தப்படுறது பின்னிடைவான வகையளில, தாய் தகப்பன் இரண்டு பேரிட்டயும் இருந்து வந்தால்தான் நோய் வாறவை. இலாஸ்ரின் கட்டத் தேவையான பிபுலின்-4 புரதத்தின்ர கேடு அப்பிடி, கேரளத்தில 22 கைக்குழந்தையளில ஒரே விகாரத்தைக் கண்டு 2012 இல எழுதினவை. ஹோமோசிஸ்ரினூரியாவும் அப்பிடி. அது பார்வைக்கு மார்பன் மாதிரியே இருக்கும், ஆனால் கண்வில்லை கீழ இறங்கும். மார்பனில மேல ஏறும். ஹோமோசிஸ்ரினூரியாவில பெரிய பயம் குருதி கட்டிப்படுறது. கண்மணியை விரிச்சு வில்லையைப் பார்க்கச் சொல்லிக் கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்கிறது அதுக்குத்தான்.

#9 முறிகண்டிச் சந்தி

விளங்குது. இன்னொண்டு. எக்கோ றிப்போட்டில பெருநாடி வேர் 3.6 சென்ரிமீற்றர் எண்டு போட்டிருந்தால் நல்லதோ கெட்டதோ?

#10 எக்கோ அறை

ஆற்ர 3.6? ஆறடி ஆம்பிளைக்கு அது சாதாரணம். பத்து வயசுப் பிள்ளைக்கு அது நல்லாப் பெருத்தது. உயரம், நிறை, வயசு வைச்சு இசட் பெறுமானம், அதாவது அதே உடம்புக்காரரின்ர சராசரியில இருந்து எவ்வளவு விலகினது எண்டு, கணிக்கோணும். 2 அல்லது மேல எண்டால் விரிவு. வீட்டில ஏற்கெனவே நோய் இருக்கிற 20 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நோய்நிர்ணயக் கோடு 3. றிப்போட்டில உயரமும் நிறையும் எழுதாமல் அளவு மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கோ.

எங்க அளந்தது எண்டதும் வேணும். வால்வு வளையம், அதுக்கு மேல புடைச்சிருக்கிற வல்சல்வாப் பைகள், பைக்கு மேல் இடுக்கு, ஏறு பெருநாடி, நாலும் வேற வேற. மார்பன் முதலில பைகளைத்தான் பிடிக்கும். வளர்ந்தவைக்கு இதயம் தளர்ந்த நேரத்தில, முன்விளிம்பில இருந்து முன்விளிம்புக்கு அளக்கிறது வழக்கம். பிள்ளையளுக்குப் பலர் உள்விளிம்பில இருந்து உள்விளிம்புக்கு, சுருங்கிற நேரத்தில அளப்பினம். முறை மாறினாலே 2 மில்லிமீற்றர் மாறும். வருசத்துக்கு 3 மில்லிமீற்றர் வளர்ந்தால் ஆபத்து எண்டு சொல்லுற இடத்தில 2 மில்லிமீற்றர் பிழை விளையாட்டில்லை. போன வருசம் வவுனியாவில ஒருத்தர், இந்த வருசம் யாழ்ப்பாணத்தில வேற ஒருத்தர், இரண்டு காயிதத்தையும் பக்கத்தில வைச்சுக் கூட்டிக் கழிச்சு முடிவெடுக்கக் கூடாது. பழைய படத்தை எடுத்து ஒரே ஆள் இரண்டையும் அளந்தால்தான் வளர்ச்சி.

முதல் எக்கோவுக்கு ஆறு மாதத்தால அடுத்தது. மாறாமல் இருந்தால் வருசத்துக்கு ஒண்டு. 4.5 ஐக் கிட்டினால் திரும்ப ஆறு மாதம்.

சி.ரி. எண்டால் இதயத் துடிப்போட இணைச்சு எடுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி வேர் ஆடி இரட்டைக் கோடு விழும், கிழிஞ்சது மாதிரித் தெரியும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோய் கூட எண்டபடியால் சாயம் ஏத்த முதல் குருதியில கிரியற்றினின் (சிறுநீரகம் வேலை செய்யிறதைக் காட்டுறது) பார்க்காமல் விடாதேங்கோ. எம்.ஆர். கிடைச்சால் சாயம் இல்லாமலே வேரை அளக்கலாம்.

#11 மருந்துப்பெட்டி

மருந்துக்கு வாறன். பிறஷர் 110/70 இருக்கிற பிள்ளைக்கு ஏன் பிறஷர்க் குளிசை எண்டு தாய்மார் நிப்பாட்டிறது அடிக்கடி நடக்கிற விஷயம். பீற்றா தடுப்பான், அற்றினலோல் அல்லது புரொப்பிரனலோல், குடுக்கிறது பிறஷர் இலக்கத்துக்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலயும் அழுத்தம் ஏறுற வேகத்தைக் குறைக்கத்தான். 1994 இல வந்த புரொப்பிரனலோல் ஆய்வில வேர் பெருக்கிற வேகம் குறைஞ்சது. திடீரெண்டு நிப்பாட்டினால் துடிப்பு எகிறும், அது இன்னும் கெடுதி. தொய்வு இருக்கிற பிள்ளைக்குக் குடுக்க முதல் சொல்லோணும்.

லொசார்ட்டன் எண்ட வேற வகைப் பிறஷர் மருந்து இரண்டாவது. 2006 இல எலியில அற்புதமாத்தான் வேலைசெய்தது. மனிசரில 2014 இல அற்றினலோலோட நேருக்கு நேர் வைச்சுப் பார்க்க இரண்டும் ஒண்டுதான் எண்டு வந்தது. பிறகு ஆய்வுகளை ஒண்டாக் கூட்டிப் பார்த்ததில, பீற்றா தடுப்பானுக்கு மேல இதையும் சேர்த்தால் பலன் இருக்கெண்டு தெரிஞ்சது. என்ர எண்ணம், ஒண்டைத் தாங்கினால் மற்றதையும் மெதுவாச் சேர்க்கிறது. தொடங்கி ஒண்டு இரண்டு கிழமையில கிரியற்றினினும் பொற்றாசியமும் பார்க்கோணும்.

நடுப்படைக்கு ஒரு கேள்வி: ரி.ஜி.எஃப். பீற்றா கூடினதுதான் குற்றம் எண்டால், லோயிஸ்-டீட்ஸில வாங்கி வேலை செய்யாத விகாரத்துக்கும் ஏன் அதே வீக்கம்?

இன்னொண்டு. சிப்ரோபுளொக்சசின், லீவோபுளொக்சசின் எண்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். மூத்திரக் கடுப்புக்கும் வயித்தோட்டத்துக்கும் பாமசியில கேட்டு வாங்கிப் போடுற பழக்கம் இருக்கு. பெருநாடி வீங்கின ஆக்களுக்கும் மார்பன், ஏலர்ஸ்-டான்லோஸ் ஆக்களுக்கும் இதைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரில எச்சரிச்சது. கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தில சிவப்பு மையால எழுதிவையுங்கோ.

#12 நடுப்படை

நல்ல கேள்வி, முடிந்த பதில் இல்லை. விகாரம் வாங்கியை முடக்குகிறது, ஆனால் சுவரை எடுத்துப் பார்த்தால் சமிக்ஞை கூடியே இருக்கிறது. ஈடுசெய்யப் போய் அளவுமீறுகிறது என்பது ஒரு விளக்கம். எலிகளில் மிக ஆரம்பத்திலேயே ரி.ஜி.எஃப். பீற்றாவை அடைத்தபோது வீக்கம் மோசமானதும் உண்டு. ஆகவே அது முதற்காரணியா, பின்விளைவா என்பதில் சண்டை ஓயவில்லை.

#13 கரப்பந்துக்காரன்

மார்பன் எண்டு உறுதியான பிள்ளைக்கு மைதானம் முழுக்கத் தடையோ?

#14 எக்கோ அறை

தடை மூச்சைப் பிடிச்சு முக்கிற வேலைக்கு. பாரம் தூக்கல், கயிறிழுத்தல், மல்யுத்தம், தண்டால். அந்த நேரம் பிறஷர் ஒரேயடியா எகிறும். போட்டிக் கரப்பந்து வேண்டாம். நடை, சமதரையில சைக்கிள், கதைச்சுக்கொண்டு செய்யக்கூடிய வேகத்தில ஓட்டம், இதெல்லாம் நல்லது. சும்மா இருத்தி வைக்கவும் கூடாது.

வளர்ந்த ஆக்களுக்கு மைதானத்தைவிட வயல் ஆபத்து. நெல் மூட்டையை முதுகில ஏத்திறது, கிணறு இறைக்கிற மோட்டரைத் தனிய தூக்கிறது, சேத்தில புதைஞ்ச லாண்ட்மாஸ்ரரைத் தள்ளுறது. உழவு ஓட்டலாம், தூக்கிறதை இன்னொருத்தர் செய்யட்டும்.

#15 பாலைமரம்

சத்திரசிகிச்சைக் கோடு எங்க எண்டு கேட்கப்போறியள், முந்திச் சொல்லுறன். மார்பனில வேர் 5.0 சென்ரிமீற்றர். குடும்பத்தில ஆரும் கிழிஞ்சு செத்திருந்தால், வேகமா வளர்ந்தால், பிள்ளை பெற விரும்பினால் 4.5. லோயிஸ்-டீட்ஸில விகாரத்தைப் பொறுத்து 4.0 முதல் 4.5.

இந்த இலக்கங்கள் உயரமான ஆக்களை வைச்சு வந்தவை. எங்கட கட்டைப் பெண்டுகளுக்கு அப்பிடியே போட்டால் பிழைக்கும். குறுக்குவெட்டுப் பரப்பை உயரத்தால பிரிச்சுப் பாருங்கோ. 4.5 சென்ரிமீற்றருக்குப் பரப்பு 15.9 சதுர சென்ரிமீற்றர். 1.50 மீற்றர் பெண்ணுக்கு 10.6, கோடு 10, தாண்டியாச்சு. 1.80 மீற்றர் ஆம்பிளைக்கு அதே 4.5 இல 8.8 தான்.

கர்ப்பம். 4.0 க்குக் கீழ எண்டாலும் ஏறக்குறைய நூறில ஒண்டு ஆபத்து இருக்கு. 4.5 ஐத் தாண்டினால் முதலில வேரை மாத்திப்போட்டுப் பிள்ளை பெறுறதுதான் புத்தி. லொசார்ட்டன் கருவுக்குக் கூடாது, தரிக்க முதலே நிப்பாட்டி பீற்றா தடுப்பானில இருக்கோணும். மூண்டு மாதத்துக்கு ஒரு எக்கோவாவது. கடைசி மூண்டு மாதமும் பிள்ளை பிறந்த பிறகு வாற கிழமைகளும்தான் கூடக் கிழியிற காலம். பிள்ளைத்தாச்சிப் பதிவிலேயே குடும்பநல மாதுவிட்டச் சொல்லி, இதயச் சத்திரசிகிச்சை இருக்கிற பெரிய வைத்தியசாலையில பேறை வையுங்கோ. பேறுக்குப் பிறகு எர்கோமெற்றின் ஊசி பிறஷரை ஏத்தும், தவிர்க்கச் சொல்லி எழுதிவைக்கோணும்.

#16 அவசரப்பிரிவு

கிழியிற நேரத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. நோ திடீரெண்டு, தொடங்கின கணத்திலேயே உச்சம். நெஞ்சில அல்லது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில பிளக்கிற மாதிரி. முதுகால கீழ இறங்கலாம். "காஸ்ரிக்" எண்டு ஒமிப்பிரசோல் குடுத்துக் காத்திருக்கிறது ஒரு பிழை. மாரடைப்பு எண்டு குருதிக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுறது அதைவிடப் பெரிய பிழை. கிழிவு வலது முடியுருநாடியை அடைச்சால் ஈ.சி.ஜி. அசல் மாரடைப்பு மாதிரியே காட்டும். ஊசி போட்டால் கசிவு நிக்காது.

ஊசிக்கு முதல் மூண்டு வேலை, பத்து நிமிசம் காணும். இரண்டு கையிலயும் பிறஷர், 20 க்கு மேல வித்தியாசம் வந்தால் சந்தேகி. நெஞ்சு எக்ஸ்றேயில நடுநிழல் அகண்டிருக்கோ. வால்வு ஒழுகிற சத்தம் புதுசாக் கேட்குதோ. இதெல்லாம் இல்லாட்டியும் கிழிவு இல்லை எண்டு சொல்ல ஏலாது, சி.ரி.தான் முடிவு.

கிழிவு எண்டால் மோர்பின் குடுத்து நோவை அடக்கி, நாளத்தால லபெற்றலோல் எண்ட துடிப்பும் பிறஷரும் குறைக்கிற மருந்து. துடிப்பு 60 க்குக் கீழ, மேல் பிறஷர் 100 முதல் 120. முதலில துடிப்பு, பிறகுதான் குழாயை விரிக்கிற மருந்து. மாறிச் செய்தால் இதயம் வேகமா அடிச்சு இன்னும் கிழிக்கும். ஏறு பெருநாடிக் கிழிவில ஒவ்வொரு மணித்தியாலமும் நூறில ஒண்டு இரண்டு உயிர் போகும் எண்டது பழைய கணக்கு. புதுக்குடியிருப்பிலயோ துணுக்காயிலயோ இருந்து பஸ்ஸில ஏத்தாமல் 1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. கூப்பிடேக்கையே "மார்பன், பெருநாடி வீக்கம் இருக்கு" எண்டு சொல்லுங்கோ. மார்பன் ஆளுக்கு ஒரு பக்கம் மட்டும் நெஞ்சு குத்தி மூச்சு முட்டினால் நுரையீரல் காத்து இறங்கினதாவும் இருக்கலாம், அதுக்கும் அதே அம்புலன்ஸ்தான்.

#17 முறிகண்டிச் சந்தி

குடும்ப வரலாறு கேட்டால் எங்கட பக்கம் பாதிப்பேருக்குப் பதில் இல்லை. தகப்பன் 2009 இல, சித்தப்பன் எங்க எண்டே தெரியாது. என்ன செய்யிறது?

#18 பாலைமரம்

செத்த விதத்தைக் கேட்டுப் பலன் இல்லை எண்டால் உருவத்தைக் கேளுங்கோ. ஆர் உயரம், ஆருக்குச் சின்னனிலேயே தடிச்ச கண்ணாடி, ஆற்ர நெஞ்சு குழி. கலியாணப் படம் ஒண்டு இருந்தாலும் விரலின்ர நீளம் தெரியும். இருக்கிற சகோதரம், பிள்ளையள், தாய் தகப்பன் எல்லாருக்கும் ஒருக்கால் எக்கோ. பிள்ளையளுக்கு ஒரு எக்கோ நல்லா வந்தது காணாது, வளர்ந்து முடியுமட்டும் திருப்பிப் பார்க்கோணும்.

பிறகு, கனடா, லண்டன், பிரான்சில இருக்கிற சொந்தம். ரொறன்ரோவில பெரியப்பாவுக்கு "வால்வு மாத்தினது" எண்டால் என்ன வால்வு, ஏன் மாத்தினது எண்டு கேளுங்கோ. அங்க பரம்பரையலகுச் சோதனை செய்திருந்தால் றிப்போட்டின்ர படத்தை அனுப்பச் சொல்லுங்கோ. அதில அலகின்ர பெயரும் எந்த இடத்தில என்ன எழுத்து மாறினது எண்டும் இருக்கும். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் இங்க தேடுறது, முழு அலகுக் கூட்டத்தையும் வாசிக்கிறதைவிட மலிவு. விடையும் ஆம், இல்லை எண்டு துப்புரவா வரும். பெரியப்பாவுக்கு மாற்றம் இருந்து உங்களுக்கு இல்லை எண்டால் உங்கட பிள்ளையளுக்கு எக்கோவே தேவையில்லை.

#19 மருந்துப்பெட்டி

வேரை மாத்தின ஆக்களுக்கு. 1968 இல பென்ரல் எழுதின முறையில வேரும் வால்வும் சேர்த்து மாறும். உலோக வால்வு எண்டால் ஆயுளுக்கும் குருதி கட்டிப்படாமல் வார்பரின், ஐ.என்.ஆர். (குருதி உறைய எவ்வளவு சுணங்குது எண்ட அளவு) 2 முதல் 3. சொந்த வால்வை வைச்சுக்கொண்டு குழாயை மட்டும் மாத்திற டேவிட் முறை 1992 இல வந்தது, வார்பரின் பெரும்பாலும் வேண்டாம், வால்வு பழுதாகாமல் இருந்தால்தான் செய்யலாம். எதெண்டாலும் மிச்சப் பெருநாடி அதே பழைய சுவர்தான். பீற்றா தடுப்பானும் வருசப் படமும் தொடரோணும்.

வார்பரினில இருக்கிற ஆள் முருங்கையிலை வறை, பொன்னாங்காணி எல்லாம் சாப்பிடலாம், கிழமைக்குக் கிழமை ஒரே அளவா. நாரி நோவுக்கு டைக்குளோபினாக் வேண்டாம், பனடோல் காணும். பல்லுப் பிடுங்க ஒரு மணித்தியாலம் முதல் அமொக்சிசிலின் 2 கிராம், பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் வேற மருந்து கேட்கோணும். பாம்பு கடிச்சுக் கொண்டுபோனால் வார்பரின் குடிக்கிறதை முதல் சொல்லா சொல்லுங்கோ. விசத்துக்காகக் குருதி உறையுதோ எண்டு போத்தலில வைச்சுப் பார்க்கிற 20 நிமிசச் சோதனையை அது குழப்பலாம்.